ராகு காலமும் சுவர்க் கடிகாரமும்

மயிலாப்பூர் மாட வீதிகளில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சரி, தியாகராய நகரில் எந்தக் கடையின் கல்லாப் பெட்டிக்கு மேலே அண்ணாந்து பார்த்தாலும் சரி, இரண்டு சாமான்கள் அருகருகே தொங்குவதைக் காணலாம். ஒன்று கடிகாரம், மற்றொன்று சிவகாசியில் அச்சான தினசரி நாள்காட்டி. ஒன்று மணி சொல்கிறது. மற்றொன்று அந்த மணி நல்லதா, கெட்டதா என்று சொல்கிறது. நெடுநாளாக ஒரே சுவரில் குடித்தனம் நடத்தும் இவ்விருவருக்கும் உள்ளூர ஒரு மனஸ்தாபம் உண்டு. அதைப் பற்றித்தான் நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

ராகு காலம் என்று ஒன்று உண்டா, இல்லையா என்னும் வழக்கில் நாம் இறங்கப் போவதில்லை. அந்த வழக்கில் வாதி பிரதிவாதி இருவருமே தீர்ப்பை வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வருகிறவர்கள். நம்முடைய கேள்வி அதைவிடச் சிறியது: நம்புகிறவர்களாவது தாங்கள் நம்பும் கணக்கைச் சரியாகப் போடுகிறார்களா?

கணக்கு மிகவும் எளியது. சூரியோதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பகற்பொழுதை எட்டுச் சம பாகமாக்க வேண்டும். அவற்றில் ஒரு பாகம் ராகுவுக்கு. திங்கட்கிழமை இரண்டாம் பாகம், சனிக்கிழமை மூன்றாவது, வெள்ளி நான்காவது, புதன் ஐந்தாவது, வியாழன் ஆறாவது, செவ்வாய் ஏழாவது, ஞாயிறு எட்டாவது. பொழுது விடிந்தவுடன் வரும் முதற் பாகத்தில் எந்தக் கிழமையும் ராகுவுக்கு உரிமை இல்லை. பகல் சரியாகப் பன்னிரண்டு மணி நேரமானால் ஒரு பாகம் ஒன்றரை மணி, அதாவது பழைய கணக்கில் மூன்றே முக்கால் நாழிகை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு என்று குழந்தைகூடச் சொல்வது, காலை ஆறு மணிக்குச் சூரியன் உதித்து மாலை ஆறு மணிக்கு மறைகிறான் என்று வைத்துக்கொண்ட கணக்கு.

ஆனால் சூரிய பகவான் சிவகாசி நாள்காட்டியைப் பார்த்து உதிப்பவர் அல்லவே! சென்னையில் ஜூன் மாதக் கடைசி வாரங்களில் ஏறத்தாழ 5-43க்கு உதித்து 6-37க்கு மறைகிறார். டிசம்பர் மூன்றாம் வாரத்திலோ 6-27க்கு வந்து 5-47க்கெல்லாம் போய்விடுகிறார். ஆகையால் ஜூனில் ஒரு பாகம் 97 நிமிஷம். டிசம்பரில் 85 நிமிஷந்தான்.

நாம் வகுப்பில் பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்குக் கொடுக்கையில் இதையும் கொடுப்பதுண்டு. விடை வந்ததும் அவர்கள் முகத்தில் தோன்றும் குறும்பு பார்க்கத் தகுந்தது. ஏனெனில் ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் ராகு காலம் மாலை 5 மணிக்குத் தொடங்கி 6-37 வரை நீள்கிறது. ஆறு மணி அடித்ததும் “அப்பாடா!” என்று பெண் பார்க்கப் புறப்படுகிறவர்கள் நடு ராகு காலத்தில் படியிறங்குகிறார்கள். ஜனவரிக் கடைசியில் சென்னையில் உதயம் 6-35 சுமாருக்கு. அப்போது திங்கட்கிழமை ராகு காலம் சுமார் 8 மணி முதல் 9-30 வரை. நாள்காட்டியோ ஏழரை முதல் ஒன்பது என்கிறது. ஒன்பது மணி வரை காத்திருந்து ஒன்பதே காலுக்குக் கடை திறக்கும் புண்ணியவான், எதற்குப் பயந்தாரோ அதன் மடியிலேயே போய் உட்காருகிறார்.

போகட்டும், சுவரிலுள்ள கடிகாரமாவது பழைய கடிகாரந்தானா என்றால் அதுவும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வானாராய்ச்சி நிலையம் கட்டினார்கள். அந்த இடத்துச் சூரியனைக் கொண்டு கணித்ததே “மதராஸ் நேரம்”. ரயில்கள்கூட அந்த நேரப்படி ஓடின. 1906 ஜனவரி முதல் தேதியிலிருந்து தேச முழுவதற்கும் ஒரே நேரம் என்று ஏற்பட்டது. அது கிழக்கு 82½ பாகைக் கோட்டின் நேரம். சென்னை இருப்பதோ 80¼ பாகையில். பாகைக்கு நான்கு நிமிஷ வீதம் ஒன்பது நிமிஷ வித்தியாசம். மகாயுத்தத்தின்போது 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரையில் கடிகாரத்தை மேலும் ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். அந்த மூன்று வருஷமும் வெள்ளிக்கிழமை ராகு காலம் கடிகாரத்தில் பதினொன்றரையிலிருந்து ஒன்று வரை என்றாயிற்று. சர்க்கார் உத்தரவுக்கு முள் நகர்ந்தது, சூரியன் நகரவில்லை.

கடிகாரத்தை விட்டுப் பஞ்சாங்கத்தையே சரணடையலாம் என்றால் அங்கும் இரண்டு கட்சிகள். பழைய சூத்திரங்களை மனப்பாடமாகக் கொண்டு கணிப்பது வாக்கியம். வானத்தில் கண்ணால் கண்டதோடு ஒத்துப் பார்த்துத் திருத்துவது திருக்கணிதம். வாக்கிய முறையை யாரும் இளப்பமாக நினைக்க வேண்டாம். சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த எண்களைக்கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டிய ஒரு தமிழரைப் பற்றி ஜான் வாரன் என்னும் வெள்ளைக்காரர் 1825-இல் சென்னையில் அச்சான தம் நூலில் வியந்து எழுதியிருக்கிறார். ஆயினும் காலப்போக்கில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே வரும். அதைத் திருத்த முன்வந்தவர்களுள் ஒருவர் சிந்தாமணி ரகுநாதாசாரியார். நுங்கம்பாக்கம் நிலையத்தில் பணியாற்றி, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றை 1867-இல் கண்டுபிடித்த அந்தப் பெரியவர், தொலைநோக்கியில் கண்டதற்கு இசையப் பஞ்சாங்கம் கணித்து வெளியிட்டார். வானத்தைப் பார்ப்பது சாஸ்திரத்துக்கு விரோதம் என்று அவர் எண்ணவில்லை. பாராமல் இருப்பதே விரோதம் என்று எண்ணினார்.

இரு கட்சிகளும் இன்னும் ராஜியாகவில்லை. 2025 மார்ச் 29-இல் சனிப்பெயர்ச்சி என்றது திருக்கணிதம். வாக்கிய முறைப்படி 2026-இல்தான் என்று திருநள்ளாற்றுக் கோயிலார் அறிவித்தார்கள். ஒரு கிரகத்தின் பெயர்ச்சிக்கே ஏறக்குறைய ஒரு வருஷம் வாய்தா கிடைக்குமானால், ஒரு நிமிஷம் பிந்தியதற்காக மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கிக்கொள்வதில் நியாயமுண்டா?

இப்படியெல்லாம் சொல்வதால் நாள் பார்ப்பதே வீண் என்று நாம் சாதிப்பதாக எண்ண வேண்டாம். முகூர்த்தம் என்பது இரண்டு நாழிகை, 48 நிமிஷம். அதற்குள் தாலி ஏற வேண்டும் என்று இருப்பதால்தான் நாலு திசையிலுள்ள உறவினரும் வேளையோடு வந்து சேருகிறார்கள். செவ்வாயிலும் வெள்ளியிலும் ராகு காலத்தில் மயிலைக் கோயில்களில் துர்க்கைக்கு எலுமிச்சை மூடியில் விளக்கேற்றும் பெண்களைப் பாருங்கள். பயத்துக்குரிய வேளையையே பிரார்த்தனைக்குரிய வேளையாக்கிவிட்டார்கள். ஆடியில் கல்யாணம் ஆகாது என்று ஊர் ஒதுக்கி வைத்தால், ரங்கநாதன் தெரு அந்த மாதத்தையே தள்ளுபடி மாதமாக்கிப் பொன் விளைவித்துக்கொள்கிறது. மனிதன் வேளையை ஆளும் வரையில் கெடுதி ஒன்றுமில்லை. வேளை மனிதனை ஆளும்போதுதான் ஆபத்து.

அடையாற்றில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். சில வருஷங்களுக்கு முன், மார்கழி மாதம், ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுப் பெரியவருக்கு மார்வலி கண்டது. மகன் வண்டிக்குச் சொல்லி, வண்டியும் வாசலில் வந்து நின்றுவிட்டது.

“அத்தை, வண்டி வந்தாச்சு. அப்பாவைக் கைத்தாங்கலாப் பிடியுங்கோ.”

“இருடா, இன்னும் அரை மணிதானே? ராகு காலம் போகட்டும். நல்ல வேளையிலே கிளம்பினாத்தான் நல்லபடியாத் திரும்பி வரலாம்.”

அத்தைக்குத் தம்பியிடம் பிரியமில்லையா? அளவு கடந்த பிரியம். அதனால்தான் பயம். ஆறு மணி அடித்த பிறகே வண்டி நகர்ந்தது. பெரியவர் பிழைத்தார், ஆனால் அடைத்த குழாய் திறக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷமும் இருதயத் தசை செத்துக்கொண்டே வரும் என்றார் வைத்தியர். இன்று அவரால் மாடிப்படி ஏற முடியாது. சாஸ்திரக் கணக்கையே எடுத்துக்கொண்டாலும், அந்த மார்கழி மாலையில் சூரியன் 5-47 சுமாருக்கே மறைந்து, ராகு காலமும் அதனுடன் முடிந்துவிட்டது. மீதி நிமிஷங்களை ராகு கேட்கவில்லை, நாள்காட்டி கேட்டது. “ஆபத்துக்குப் பாவமில்லை” என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தது இத்தகைய வேளைக்கல்லாமல் வேறு எதற்கு?

ஜோதிடர் குறித்துக் கொடுத்த நட்சத்திரத்தில் பிறக்க வேண்டுமென்று, குறை மாதத்துக் குழந்தையை அறுவை செய்து எடுக்கச் சொல்வதும் இதே வகைதான். 39 வாரம் நிறைவதற்குள் அவ்வாறு எடுத்தால் சிசுவுக்கு மூச்சுத் திணறல் வரும் அபாயம் அதிகம் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். ராஜயோகம் அனுபவிக்கவும் முதலில் மூச்சு விட வேண்டுமே!

நம் தேசமே ஒரு முறை நாள் பார்த்தது. 1947 ஆகஸ்டு 15-ஆம் தேதி நல்ல நாளல்ல என்று ஜோதிடர்கள் சிலர் ஆட்சேபித்ததாகச் சரித்திரம் எழுதியோர் கூறுகிறார்கள். அரசியல் நிர்ணய சபை 14-ஆம் தேதி இரவு 11 மணிக்கே கூடி, நடுநிசியில் சுதந்திரத்தை வரவேற்றது. பஞ்சாங்கப்படி மறுநாள் சூரியோதயம் வரையில் முந்திய கிழமைதானே? ஆனால் குடியரசுக்கு நாள் குறிக்கும்போது வேறு கணக்குப் போட்டார்கள். 1930 ஜனவரி 26-இல் பூரண சுயராஜ்யமே லட்சியம் என்று ஊர் ஊராக ஜனங்கள் உறுதி எடுத்துக்கொண்டார்கள். அந்த உறுதியை நினைத்தே 1950-இல் அதே தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். திதியும் வாரமும் தராத மகிமையை அந்த நாளுக்கு மனிதர்களின் செய்கை தந்தது.

ஆகவே நேயர்களுக்கு நமது யோசனை இவ்வளவே. நாள் பார்ப்பதானால், உங்கள் ஊர் உதயாஸ்தமனத்தைப் பார்த்து எட்டால் வகுத்துச் சரியாகப் பாருங்கள். கல்யாணத்துக்கும் கிரகப் பிரவேசத்துக்கும் தாராளமாகப் பாருங்கள். ஆனால் நோயாளி முனகும்போதும், தாய் பிரசவ வேதனைப்படும்போதும், வாசலில் வண்டி காத்து நிற்கும்போதும் சுவரைப் பார்க்க வேண்டாம், முகத்தைப் பாருங்கள்.