உங்களுக்குத் தெரியுமா? கம்பிக்குப் பின்னால் இத்தனை சங்கதியா!

ஒரு புத்தகம் படித்தால் தண்டனையில் 4 நாள் தள்ளுபடி! ஆடி மாத விளம்பரம் இல்லை, பிரேசில் சிறைகளில் நிஜமாகவே உண்டு!

சும்மா "படிச்சுட்டேன்" என்றால் நடக்காது. கட்டுரை எழுதித் தர வேண்டும். 2012-இல் வந்த உத்தரவு நம்ம தமிழ் ஐயாவையே தூக்கிச் சாப்பிட்டுவிடும்! பத்தி பிரிக்கணும், ஓரத்தில் மார்ஜின் விடணும், அடித்தல் திருத்தல் கூடவே கூடாது, கையெழுத்து புரியணும்! ஆண்டுக்கு 12 புத்தகம் வரை படிக்கலாம். பெருக்கிப் பாருங்கள்... 48 நாள்!

அதே பிரேசிலில் சாந்தா ரீத்தா தோ சபுகாயி என்று ஓர் ஊர். (சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது!) அங்கே கைதிகள் சைக்கிள் மிதித்தார்கள். சைக்கிள் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பேட்டரி சார்ஜ் ஆனது! அதைக் கொண்டுபோய் ஊரின் ஆற்றங்கரைப் பாதையில் விளக்கு எரித்தார்கள். மிதித்தவருக்கு உடம்பும் தேறியது, தண்டனையும் குறைந்தது!

நாம் மட்டும் சளைத்தவர்களா? 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத் துறையே ஸ்டால் போட்டது. விற்பதற்கு இல்லை, கைதிகளுக்காகப் புத்தகம் தானம் வாங்க! அந்த ஸ்டாலுக்குப் பெயர் 'கூண்டுக்குள் வானம்'. பெயர் வைத்தவருக்கு ஒரு சபாஷ்!

1975. ஜெய்ப்பூர் மத்தியச் சிறை. விபாசனா தியானம் சொல்லித்தர வந்த கோயங்கா முன்னால் சிலரைக் கைவிலங்கு, கால்விலங்கோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். "இதைக் கழற்றினால்தான் வகுப்பு" என்று நின்றுவிட்டார் மனிதர். கழற்றினார்கள்!

அடுத்து டெல்லியின் திகார் சிறை. 1994 ஏப்ரல், கிரண் பேடி சிறை அதிகாரியாக இருந்த காலம். 10 நாள் தியான முகாம். விடிகாலை 4 மணிக்கு எழுந்தாக வேண்டும். ராத்திரிச் சாப்பாடு கிடையாது. பக்கத்து ஆளிடம் ஒரு 'உம்' கூடக் கொட்டக் கூடாது. வந்து உட்கார்ந்த கைதிகள் எத்தனை பேர்? 1,000-க்கும் மேல்!

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஸ்னேக் ரிவர் சிறை. நாளெல்லாம் தனிக்கொட்டடியில் கிடப்பவர்களை 'நீல அறை'க்குக் கூட்டிப்போய் வீடியோ போட்டார்கள். சினிமாவா? இல்லை! கடல், காடு, மேகம்! பார்த்தவர்களிடம் அடிதடி 26 சதவீதம் குறைவு!

மனசு உடைந்துபோன கைதியின் கதையைக் கேட்க யார் வருவார்? இன்னொரு கைதி! 1991-இல் வேல்ஸின் ஸ்வான்சீ சிறையில் தொடங்கிய ஏற்பாடு. பயிற்சி தந்தது, தற்கொலையைத் தடுக்கப் பாடுபடும் சமாரிட்டன்ஸ் அமைப்பு. காதில் விழுந்தது வெளியே போகாது!

கலிஃபோர்னியாவின் சான் க்வென்டின் சிறையில் மாரத்தானே நடக்கிறது! 42 கிலோமீட்டர் ஓட ரோட்டுக்கு எங்கே போவது? மதிலுக்குள் இருக்கும் மைதானத்தையே சுற்ற வேண்டியதுதான். நடுவில் அபாயச் சங்கு ஊதிவிட்டால் எல்லாரும் ஓட்டத்தை நிறுத்தியாக வேண்டும். கடிகாரம் மட்டும் நிற்காது! மொத்தம் எத்தனை சுற்று தெரியுமா? 105!