காற்றாலையும் காரணவரும்

ஒரு காலத்து மூடவழக்கத்தைப் பரிகசிப்பதற்கென்று எழுதப்பட்ட நூல், அந்த வழக்கம் மறைந்தவுடன் தானும் மறைந்துபோவதே உலக இயல்பு. நோய் தீர்ந்தபின் மருந்துப் புட்டியை யார் பாதுகாத்து வைக்கிறார்கள்? ஆயினும் இந்த விதிக்கு விலக்கான நூல்களும் சில உண்டு. அவற்றுள் தலைசிறந்தது ஸ்பெயின் தேசத்து ஸெர்வாண்டிஸ் இயற்றிய ‘டான் குயிக்ஸோட்’ என்னும் நாவல். அதன் முதற்பாகம் 1605-ஆம் ஆண்டிலும் இரண்டாம் பாகம் 1615-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. எந்த வீரக் கதைகளைக் கேலி செய்ய அது எழுந்ததோ, அந்தக் கதைகளின் பெயர்களைக்கூட இன்று புலவர்களே அறிவர். கேலி செய்த நூலோ நான்கு நூற்றாண்டுகள் கடந்தும் உலகமெங்கும் வாசிக்கப்படுகிறது. இதன் காரணம் என்ன என்பதைச் சிறிது ஆராய விரும்புகிறோம்.

கதையின் சுருக்கத்தை நேயர்களிற் பலர் அறிந்திருப்பர். லா மாஞ்சா என்னும் வறண்ட பிரதேசத்தில் ஐம்பது வயதை எட்டிய ஒரு சிறு நிலக்காரர் வாழ்கிறார். குதிரை வீரர்களின் அற்புதக் கதைகளை அல்லும் பகலும் வாசித்து அவருடைய மூளை கலங்கிவிடுகிறது. தாமும் ஒரு வீரர் என்று எண்ணி, முன்னோர் காலத்துத் துருப்பிடித்த கவசத்தை அணிந்து, எலும்பும் தோலுமான குதிரைமீதேறி, உலகத்து அநீதியை ஒழிக்கப் புறப்படுகிறார். ஸாங்கோ பான்ஸா என்னும் குடியானவன், என்றேனும் ஒரு தீவுக்கு அதிபதியாக்கப்படுவோம் என்ற ஆசையால், கழுதைமீது அவரைப் பின்தொடர்கிறான். வெட்டவெளியில் நிற்கும் முப்பது நாற்பது காற்றாலைகள் எஜமானருடைய கண்ணுக்கு அரக்கர்களாய்த் தோன்றுகின்றன. ஊழியனுடைய கண்ணுக்குக் காற்றாலைகளாகவே தோன்றுகின்றன. எஜமானர் ஈட்டியுடன் பாய்கிறார். ஆலையின் இறக்கை குதிரையையும் அவரையும் ஒருங்கே உருட்டித் தள்ளுகிறது.

இத்தகைய கதையை எழுதியவர் சுகபோகத்தில் வாழ்ந்தவரல்லர். 1547-இல் பிறந்த ஸெர்வாண்டிஸ், 1571-இல் லெபாண்டோ கடற்போரில் காயமுற்று இடக்கையின் பயனை இழந்தார். 1575-இல் தாயகம் திரும்பும் வழியில் கடற்கொள்ளையரிடம் அகப்பட்டு, ஐந்து ஆண்டுகள் அல்ஜியர்ஸ் நகரில் அடிமையாயிருந்தார். பின்னர் வரி வசூலிக்கும் உத்தியோகம் பார்த்து, கணக்குத் தகராற்றினால் சிறைவாசமும் அனுபவித்தார். இத்தனை இடிபாடுகளுக்குப் பின், ஏறத்தாழ 58-ஆம் வயதில், உலகைச் சபிக்காமல் சிரிக்க ஒருவரால் முடிந்தது! இதுவே அந்நூலின் முதற் பெருமை என்று கருதுகிறோம். 1616-ஆம் ஆண்டில் அவர் மரித்தபோது புகழ் மிஞ்சியிருந்ததேயன்றிப் பொருள் மிஞ்சவில்லை.

2002-ஆம் ஆண்டில் நார்வே தேசத்துப் புத்தக சங்கத்தார் பல நாட்டு எழுத்தாளர் நூற்றுவரிடம் உலகின் சிறந்த நூல் எதுவெனக் கேட்டபோது, மற்றெல்லாவற்றையும்விட இந்நாவலே மிகுதியான வாக்குகளைப் பெற்றது. நமது பாரத தேசத்திலும் அதற்கு ஒரு விநோதமான சரித்திரம் உண்டு. 1930-க்குப் பிந்திய ஆண்டுகளில், அமெரிக்கப் புத்தகப் பிரியர் ஒருவருடைய வேண்டுகோளின்பேரில், ஆராய்ச்சியாளர் ஆரல் ஸ்டைன் முயற்சியால், காச்மீரப் பண்டிதர்களான நித்யானந்த சாஸ்திரியும் ஜகத்தர் ஜாதூவும் இந்நாவலின் சில அத்தியாயங்களைச் சம்ஸ்கிருதத்தில் மொழிபெயர்த்தனர். ஸ்பானிய மொழி அறியாத அவர்கள் ஆங்கில வாயிலாகவே அப்பணியைச் செய்தனர். ஹார்வர்டு சர்வகலாசாலையின் நூலகத்தில் நெடுங்காலம் உறங்கிக்கிடந்த அந்தக் கையெழுத்துப் பிரதி 2019-இல் நமது தேசத்திலேயே, பூனா நகரில் அச்சேறியது. சிரித்துச் சிரித்து வந்த நூல் தேவபாஷையிலும் சிரித்தது என்றால், அந்தச் சிரிப்பு ஒரு தேசத்தாருக்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவு.

நிற்க. அந்நியர் பெருமையைப் பேசிவிட்டு நம் வீட்டுப் பெருமையை மறப்பது நமக்குப் பழகிப்போன குறை. ஸ்பெயின் வரையில் போவானேன்? தென்கோடியில், நாஞ்சில் நாட்டுச் சுசீந்திரத்துக்கு வருவோம். பழையாற்றங்கரையில், வயல்களும் குளங்களும் சூழ, தாணுமாலயன் கோவிலின் ஏழுநிலைக் கோபுரம் ஓங்கி நிற்கும் ஊர் அது. இந்திரன் தன் பாவம் நீங்கிச் சுசியடைந்த இடமாதலால் அப்பெயர் பெற்றது என்று தல புராணம் கூறும். ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு மான்மியம் இருப்பது நம் நாட்டு மரபு. தெய்வத்தின் மகிமை, தீர்த்தத்தின் மகிமை, அதை வணங்கியோர் அடைந்த பேறு ஆகியவற்றை விரித்துரைப்பது அதன் இலக்கணம். இந்தப் பவித்திரமான பெயரை எடுத்து, ஒரு சமூகத்தின் சொத்துரிமை வழக்கத்துக்குச் சூட்டினார் ஒரு புலவர். அவர் சுசீந்திரத்தை அடுத்த தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. நூல், ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’.

மருமக்கள் வழி என்பது யாது? தந்தையின் சொத்து மக்களுக்குச் சேராமல், அவனுடைய சகோதரியின் மக்களுக்குச் சேரும் முறை. மலையாள தேசத்தில் வேரூன்றியிருந்த இம்முறை, திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த நாஞ்சில் நாட்டுத் தமிழ் வேளாளரிடையும் பரவியிருந்தது. குடும்பத் தலைவரான காரணவர் தறவாட்டுச் சொத்தை ஆண்டு அனுபவிப்பார். அவருக்குப் பின் மருமகன் ஆள்வான். ‘உகந்துடைமை’ என்ற பெயரால் பிள்ளைகளுக்கு ஒரு சிறு பங்கு உண்டு. அதையும் வழக்காடிப் பெறவேண்டிய நிலைமை நேர்வதுண்டு. உயிரோடிருக்கையில் ஒரு வீட்டுக்கு எஜமானியாயிருந்தவள், கணவன் கண்ணை மூடியவுடன் அந்த வீட்டுக்கு அந்நியளாவாள். காரணவர் பல தாரங்களை மணந்திருந்தாலோ அவளுடைய கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

கவிமணி இந்த அவலத்தை ஒரு கண்டனக் கட்டுரையாக எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் அது அந்தக் காலத்துப் பத்திரிகையோடு மக்கிப்போயிருக்கும். அவர் செய்தது வேறு. காரணவர் ஒருவருடைய ஐந்தாம் மனைவியைப் பேசவைத்தார். ‘தமிழன்’ பத்திரிகையில் 1917, 1918-ஆம் ஆண்டுகளையொட்டிப் பகுதி பகுதியாக வெளிவந்து, 1942-இல் புத்தகமாக உருப்பெற்ற அந்நூலில் பதினொரு படலங்கள் உள்ளன. ‘மாமி அரசியற் படலம்’, ‘நாகாஸ்திரப் படலம்’, ‘கருடாஸ்திரப் படலம்’, ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’ என்று அவற்றின் தலைப்புக்கள் காவிய கம்பீரத்தோடு முழங்குகின்றன. இராமாயண யுத்தத்தை எதிர்பார்த்து உள்ளே நுழைகிறவர் காண்பதோ அடுப்பங்கரைச் சண்டையும் நீதிஸ்தல வழக்குமே. கோடு என்பது நீதிமன்றம். அதில் ஏறியவர் குடியை முடித்துக்கொண்டு இறங்குகிறார் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

இங்கேதான் ஸெர்வாண்டிஸும் கவிமணியும் கைகோத்து நிற்கிறார்கள். அவர் வீரக் கதையின் உடையை உடுத்தி வீரக் கதையை நகைத்தார். இவர் புராணத்தின் உடையை உடுத்தி, புராணம்போல் கேள்வியின்றி வணங்கப்பட்ட வழக்கத்தை நகைத்தார். ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார் என்று நாம் சொல்லவில்லை. அறிவுள்ள உள்ளங்கள் ஒரேவிதமான பொய்யைக் காணும்போது ஒரேவிதமான ஆயுதத்தை எடுக்கின்றன என்பதே நம் கருத்து. பெருமையான பெயருக்கும் சிறுமையான செயலுக்கும் உள்ள தூரத்தை அளந்து காட்டிவிட்டால் போதும். சிரிப்பு தானாக வரும்.

ஆனால் சிரிப்பு மாத்திரம் ஒரு நூலை வாழவைப்பதில்லை. பகைமையோடு சிரிக்கும் நூல், பகைவன் மாண்டதும் வாயை மூடிக்கொள்கிறது. குயிக்ஸோட்டை அடித்து விழச்செய்து நம்மைச் சிரிக்கவைத்த ஆசிரியரே, சிறிது சிறிதாக அந்தப் பைத்தியக்காரரிடம் நமக்கு அன்பையும் உண்டாக்கிவிடுகிறார். கதை முடிவில் அவர் தெளிந்த புத்தியோடு படுக்கையில் உயிர்விடும்போது, அவர் பைத்தியமாகவே இருந்திருக்கலாகாதா என்று ஏங்குகிறோம். பேராசைக்காரனான ஸாங்கோவே அழுகிறான். மான்மியத்திலும் அப்படியே. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போகிற வாசகன், இறுதியில் பேசுகிறவள் ஆதரவற்ற ஒரு தாய் என்பதை உணர்ந்து வெட்கித் தலைகுனிகிறான்.

மருமக்கள் வழியில் நன்மையே இல்லையா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. பிறந்த வீட்டுச் சொத்தில் பெண்ணுக்கும் அவள் வயிற்றுப் பிள்ளைகளுக்கும் அசையாத இடத்தை அம்முறை அளித்தது என்பதை மறுப்பதற்கில்லை. சகோதரியாய்ப் பெற்றதை மனைவியாய் இழந்தாள் என்பதே அதன் முரண்பாடு. ஒரே பெண் ஒரு வீட்டில் உடையவளாகவும் மற்றொரு வீட்டில் ஒன்றுமில்லாதவளாகவும் இருந்தாள். கவிமணி இரண்டாவது வீட்டின் வாசலில் நின்று எழுதினார். அங்கிருந்துதான் அழுகுரல் கேட்டது.

திருவிதாங்கூரில் நாயர் சமூகத்தின் பாகப்பிரிவினைக்கு 1925-இல் வழிவகுத்த சட்டத்தைத் தொடர்ந்து, 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கும் தனிச் சட்டம் பிறந்தது. மருமக்கள் வழியின் பிடி தளர்ந்தது. அச்சட்டத்தை ஒரு நூலே கொண்டுவந்தது என்று கூறுவது மிகையாகும்; சீர்திருத்தக்காரர் பலருடைய நெடுநாள் உழைப்பு அதில் உண்டு. எனினும், சட்டம் வருமுன் உள்ளம் பண்படவேண்டும். தம் வீட்டு வழக்கத்தைத் தாமே பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்ட சமூகம், அதைக் கைவிடப் பாதி தயாராகிவிட்டது என்பதில் ஐயமில்லை.

சுசீந்திரத்தைச் சுற்றியுள்ள சிறு நிலப்பரப்பில் தீய வழக்கங்கள் மூன்று விதமாக வீழ்ந்ததை இங்கே நினைவுகூரலாம். குற்றஞ்சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கையை முக்கித் தன் நிரபராதத்தை நிரூபிக்கவேண்டுமென்ற ‘கைமுக்கு’ அந்தக் கோவிலில் நடந்துவந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அரச ஆணையால் அது நின்றது. கோவிலைச் சூழ்ந்த வீதிகளில் ஒருசாரார் நடக்கலாகாதென்ற தடையை எதிர்த்து, 1926-இல் டாக்டர் எம். இ. நாயுடு முதலிய தொண்டர்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினர். 1930-இலும் கிளர்ச்சி நடந்தது. 1936 நவம்பர் 12-ஆம் நாள் வெளிவந்த ஆலயப் பிரவேசப் பிரகடனத்தால் கோவிற் கதவே திறந்தது. ஆணை ஒன்றை நிறுத்திற்று. தியாகம் மற்றொன்றைத் தகர்த்தது. மூன்றாவதற்குச் சிரிப்பு குழி பறித்தது. அந்தச் சத்தியாக்கிரகிகளையும் அக்காலத்தார் சிலர் காற்றாலையோடு மோதும் கிறுக்கர் என்றே எண்ணியிருப்பர். அவர்கள் கண்டது காற்றாலையன்று, மெய்யான அரக்கனே என்பதைப் பத்து ஆண்டுகளில் காலம் காட்டிவிட்டது.

ஆயினும் டான் குயிக்ஸோட்டில் சீர்திருத்தக்காரர் யாவரும் மனப்பாடம் செய்யத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவனை அவன் எஜமான் மரத்தில் கட்டி அடிக்கிறான். கூலி பாக்கி வேறு. குயிக்ஸோட் ஈட்டியை நீட்டி மிரட்ட, கட்டை அவிழ்த்துக் கூலியையும் கொடுப்பதாக எஜமான் வாக்களிக்கிறான். வீரர் அந்த வாக்கை நம்பி, அநீதியை ஒழித்துவிட்ட பெருமிதத்தோடு குதிரையைத் திருப்பிக்கொண்டு போகிறார். அவர் தலை மறைந்ததும் சிறுவன் மீண்டும் கட்டப்பட்டு முன்னிலும் பலமாக அடிபடுகிறான். பிற்பாடு வழியில் சந்திக்கும்போது, இனி என்னைக் கண்டாலும் உதவிக்கு வராதேயும் என்று அவன் அந்த வீரரைச் சபிக்கிறான்.

சட்டம் இயற்றிவிட்டுக் குதிரையைத் திருப்பிக்கொள்வது நமக்கும் வழக்கமன்றோ? மருமக்கள் வழி போய் மக்கள் வழி வந்தது. 1956-இல் இந்து வாரிசுச் சட்டம் வந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் நாஞ்சில் நாடும் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தது. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனோடொத்த பங்குண்டென்று 1989-இல் தமிழ்நாடும் 2005-இல் தேசம் முழுமையும் விதித்தன. ஏட்டில் எல்லாம் செம்மை. ஆனால் ரிஜிஸ்தர் கச்சேரியில் அண்ணன் தம்பிமார் நீட்டும் விடுதலைப் பத்திரத்தில், பிறந்த வீட்டு வாசல் அடைபடக்கூடாதே என்ற ஒரே அச்சத்தால், வாசித்துப் பார்க்காமலே கையெழுத்திடும் சகோதரிகள் எத்தனை பேர்! கலியாணத்தில்தான் செய்துவிட்டோமே என்ற ஒரு வாக்கியத்தில் அவர்களுடைய உரிமை அடங்கிவிடுகிறது. அன்று மனைவியாய் இழந்தவள் இன்று சகோதரியாய் இழக்கிறாள். காரணவர் போய்விட்டார், அவர் அமர்ந்திருந்த நாற்காலி காலியாகவில்லை.

மறைந்த வழக்கத்தைச் சாடிய நூல் மறையாமல் நிற்பதன் இரகசியம் இதுவே. வழக்கம் உடை மாற்றிக்கொள்கிறது. அதற்குள் இருக்கும் மனிதன் மாறுவதில்லை. ஸெர்வாண்டிஸும் கவிமணியும் உடையைக் கண்டு சிரித்தவர்களல்லர். உள்ளிருந்த மனிதனைக் கண்டு சிரித்தவர்கள். ஆகவே எந்தக் காலத்தவரும் அவர்களுடைய ஏட்டைத் திறந்தால் தம் முகத்தையே காண்கின்றனர்.

கவிமணியைக் குழந்தைப் பாட்டுக்களின் ஆசிரியராக மட்டும் நம் பிள்ளைகள் அறிந்திருப்பது போதாது. மான்மியத்தை வீடுதோறும் ஒருமுறையேனும் உரக்க வாசிக்கவேண்டும். ஆண்களும் உடனிருந்து கேட்கவேண்டும். கேட்டுச் சிரித்தபின், தம் குடும்பத்துப் பெண்களின் பங்கு அவர்கள் கைக்குச் சேர்ந்துவிட்டதா என்று பெட்டியிலுள்ள பத்திரங்களை எடுத்துப் பார்க்கவேண்டும். குதிரையைத் திருப்பிக்கொள்வது அதற்குப் பின்னர் ஆகட்டும்.