வள்ளுவர் சிலைக்கும் ஹவாய்க்கும் என்ன சம்பந்தம்? தெரியுமா?

கன்னியாகுமரிப் பாறையில் 133 அடிக்கு ஓங்கி நிற்கிறாரே வள்ளுவர், அவரை வடித்த வை. கணபதி ஸ்தபதிதான் பசிபிக் கடலின் நட்டநடுவே ஒரு சிவன் கோவிலுக்கும் வரைபடம் போட்டவர். தெரியுமா? இடம், ஹவாயின் கவாய் தீவு. பாணி, சோழர் பாணி. பெயர், ‘இறைவன் கோவில்’!

சரி, அங்கே போய்க் கோவில் கட்ட நினைத்தவர் யார்? கலிபோர்னியாவில் 1927-ல் பிறந்த ராபர்ட் ஹான்சன்! சான் பிரான்சிஸ்கோ பாலே குழுவில் ஆடியவர். 1949-ல் யாழ்ப்பாணம் போய் ஞானி யோகசுவாமிகளைப் பார்த்தார். முதுகில் ஓங்கி ஓர் அறை! அதுதான் தீட்சை! பிறகு அவர் சிவாய சுப்பிரமுனியசுவாமி. பின்னாளில் எழுதிய புத்தகத்தின் பெயர் ‘டான்சிங் வித் சிவா’. ஆடிய கால் சும்மா இருக்குமா?

1970-ல் கவாயில் வைலுவா ஆற்றங்கரையில் ஆதீனம் அமைத்தார். அது எப்பேர்ப்பட்ட கரை தெரியுமா? ‘ஹெயாவ்’ என்பது ஹவாய் மக்களின் கோவில். ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து வையாலியாலே மலையுச்சி வரை வரிசையாக ஏழு ஹெயாவ்கள்! அரச குடும்பத்துப் பெண்கள் பிள்ளை பெறவே இங்கே ஒரு கல் இருந்தது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியைச் சுருட்டிப் பக்கத்துப் பாறை இடுக்கில் செருகிவைப்பார்களாம்!

அந்த மலையில் ஆண்டுக்கு 9,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை! நம் குமரி மாவட்டத்துக்குச் சுமார் 1,400. அதற்கே நாம் குடையைத் தேடுகிறோம்!

ஹவாய் மொழிக்கு எத்தனை எழுத்து? 13! நமக்கு 247! அந்த மொழியில் ‘வாய்’ என்றால் நன்னீர். நாஞ்சில் நாட்டு வாய்க்கால் ஞாபகம் வருகிறதா? வெறும் ஒலி ஒற்றுமைதான், ஆராய்ச்சிக்குக் கிளம்பிவிடாதீர்கள்!

வடசேரிச் சந்தையில் குவித்து வைத்திருக்கும் சேம்பு அங்கே யார் தெரியுமா? மூத்த அண்ணன்! வானத் தந்தைக்குப் பிறந்த முதல் ஆண்பிள்ளை உயிரில்லாமல் பிறந்ததாம். புதைத்த இடத்தில் முளைத்தது சேம்பு. அடுத்துப் பிறந்தவன்தான் மனிதன்! அதனால் அவித்த சேம்பை இடித்துச் செய்யும் ‘போய்’ கூழ் முன்னால் இருக்கும்போது சண்டை போடக்கூடாதாம். அண்ணன் பார்த்துக்கொண்டிருப்பானே!

தீவுகளையெல்லாம் அடக்கிய அரசன் கமேஹமேஹாவால் பிடிக்க முடியாத தீவு எது? கவாய்! முதல் தடவை புயல், அடுத்த தடவை கொள்ளைநோய். கடைசியில் 1810-ல் பேச்சுவார்த்தையில்தான் முடிந்தது!

இப்போது கோவிலுக்கு வருவோம். கல்வேலை 1990-ல் தொடங்கியது. எங்கே? பெங்களூர் பக்கம்! உளியும் சுத்தியலும் மட்டும். மழுங்கிய உளியை உலையில் காய்ச்சி அடித்துத் தீட்டி, மறுபடி கல்லில் இறங்குவார்கள். வெள்ளைக் கருங்கல் கப்பலேறி கவாய்க்குப் போனது. சிங்கத் தூணின் வாயில் கல் உருண்டை உருளும், வெளியே எடுக்க முடியாது! கல்லிலேயே 10 அடிச் சங்கிலி! தட்டினால் பாடும் தூண்களும் உண்டு. சுசீந்திரம் கோவில் அலங்கார மண்டபத் தூணில் காதை வைத்துக் கேட்டவர்களுக்கு விளக்கம் வேண்டுமா?

அடித்தளம் இன்னும் அதிசயம்! 117 அடி நீளம், 56 அடி அகலம், 4 அடி கனம். ஒரு கம்பி கூடக் கிடையாது! கம்பி துருப்பிடித்தால்தானே கான்கிரீட் வெடிக்கும்? பேராசிரியர் பி. குமார் மேத்தா சிமெண்டில் பாதிக்கு மேல் குறைத்து நிலக்கரிச் சாம்பலைக் கலந்தார். கணக்கு, ஆயிரம் ஆண்டு! நம் ஊர் கொத்தனாரிடம் சொல்லிப் பாருங்கள், முறைப்பார்!

கருவறையில் 39 அங்குல ஸ்படிக லிங்கம். எடை 700 பவுண்டு!

ஆதீனத் துறவிகள் குறளையும் ஆங்கிலத்தில் தந்தார்கள். 1,330-ல் 1,080 மட்டும்! காமத்துப்பால் இல்லை. துறவிகள் ஆச்சே!

சுப்பிரமுனியசுவாமி 2001-ல் மறைந்தார், ஸ்தபதி 2011-ல். குடமுழுக்கு நடந்தது 2023 மார்ச்சில். இருவருமே பார்க்கவில்லை.

ஆதீனத்தில் ‘கடவுள் கோவில்’ என்று பழைய கோவில் ஒன்றும் உண்டு. 1973 முதல் அங்கே இரவு பகலாக ஒரு துறவி காவல் தியானத்தில் இருக்கிறார். நாகர்கோவிலில் திங்கள் காலை 6 மணி என்றால் அங்கே ஞாயிறு மதியம் 2.30. நீங்கள் இதைப் படிக்கும் இந்த நிமிடமும் ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார். மூன்று மணி நேரம் முடிந்ததும் அடுத்தவர் வருவார்!