விருப்பத் தேடலுக்கு வினவல் அமைக்கும் முறை

மண் ஆய்வு முடிவுகள் இக்காலத்தில் கணிப்பொறியின் தரவுத்தளத்தில் அட்டவணைகளாகச் சேமித்து வைக்கப்படுகின்றன. இணையவழித் தேடல் படிவத்தில் களப்பணியாளர் ஒருவர் மாவட்டம், பயிர், ஆண்டு ஆகிய மூன்றையும் குறிக்கலாம். ஒன்றை மட்டும் குறித்து ஏனையவற்றை வெறுமையாகவும் விடலாம். மூன்று கட்டங்களுக்கு இவ்வாறு 8 வகைகள் அமைகின்றன. பத்துக் கட்டங்களாயின் 1,024 வகைகள். ஒவ்வொன்றிற்கும் தனித்தனி வினவல் எழுதிவைத்தல் இயலாத செயலாகும்.

தரவுத்தளத்தை வினவப் பயன்படும் மொழி எஸ்.க்யூ.எல். ஆகும். ஐ.பி.எம். நிறுவனத்து எட்கர் காட் 1970 இல் வெளியிட்ட உறவுமுறைத் தரவுக் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டு, டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவர் 1974 இல் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டனர். 1986 இல் இது அமெரிக்காவில் தரமொழியாக ஏற்கப்பட்டது.

வினவலை நிரல் தானே கட்டுதல் வேண்டும். முதலில் ‘1 = 1’ என்னும் எப்பொழுதும் மெய்யான நிபந்தனை எழுதப்படும். பின்னர், நிரப்பப்பட்ட கட்டம் ஒவ்வொன்றிற்கும் ஒரு நிபந்தனை ‘அண்ட்’ என்னும் இணைப்புச் சொல்லோடு சேர்க்கப்படும். வெறுமையான கட்டத்திற்கு எதுவும் சேர்க்கப்படுவதில்லை. மழையளவு 0 எனக் குறிக்கப்பட்டிருப்பின் அது ஒரு மதிப்பே. வெறுமை அன்று என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இங்குதான் பேரிடர் ஒன்று மறைந்துள்ளது. பயனர் எழுதிய சொல்லை அப்படியே வினவலுடன் ஒட்டிவிட்டால், பயிரின் பெயருக்குப் பதிலாக ஒரு மேற்கோட்குறியையும் ‘அல்லது 1 = 1’ எனப் பொருள்படும் கட்டளையையும் ஒருவர் எழுதிவிடக்கூடும். அப்பொழுது மறைவாக இருக்க வேண்டிய உழவர் விவரங்கள் அனைத்தும் வெளிப்படும். சில அமைப்புகளில் அட்டவணையே அழியவும் கூடும். எனவே வினவலில் மதிப்பு வரும் இடத்தில் ஓர் இடக்குறி மட்டுமே நிற்றல் வேண்டும். மதிப்பைத் தனியே அனுப்புதல் வேண்டும். அவ்வாறு அனுப்பப்பட்டதைத் தரவுத்தளம் கட்டளையாகக் கொள்ளாது, வெறும் மதிப்பாகவே கொள்ளும். ஆயினும், எந்த நெடுவரிசைப்படி முடிவுகளை அடுக்குவது என்பதை இடக்குறியால் குறிக்க இயலாது. அதனை, முன்னரே வகுத்த பெயர்ப் பட்டியலிலிருந்தே நிரல் தேர்ந்துகொள்ளுதல் நன்று.

பிறிதொரு பிழையும் உண்டு. சிலர் கட்டம் வெறுமையாயின் ‘பயிர் = பயிர்’ என எழுதி, எல்லா வரிசைகளும் கிடைக்கும் எனக் கருதுவர். ஆனால் பயிர் பதியப்படாத வரிசையில் அம்மதிப்பு ‘நல்’, அதாவது அறியப்படாதது. அறியப்படாததை அதனுடனேயே ஒப்பிட்டாலும் விடை மெய் ஆவதில்லை. ஆகவே அவ்வரிசைகள் ஓசையின்றி விடுபட, மொத்தக் கணக்குக் குறைந்து காணப்படும். இத்தகைய பிழை எச்சரிக்கை எதனையும் தாராது. குறைந்த தொகையே அறிக்கையில் ஏறிவிடும்.

ஆசிரியர்கள் மாணவர்களுக்கு இதனைக் கற்பிக்கும்பொழுது நான்கு சோதனைகளைச் செய்யச் சொல்லலாம்: எல்லாக் கட்டங்களையும் வெறுமையாக விடுதல்; ஒவ்வொன்றாக நிரப்புதல்; ஒரு கட்டத்தில் மேற்கோட்குறி இடுதல்; வெறுமைத் தேடலில் கிடைத்த தொகையை அட்டவணையின் மொத்த வரிசைகளோடு ஒப்பிடுதல். இந்நான்கிலும் தேறிய படிவத்தையே களப்பணிக்கு அளித்தல் தகும்.