சிறுநீரகம் பழுதுற்றோரும் குருதிச் சுத்திகரிப்பும்

குண்டிக்காய் என நம்மவர் வழங்கும் சிறுநீரகங்கள் இரண்டும் முற்றாகச் செயலிழப்பின், யூரியா முதலிய கழிவுகளும் மிகைநீரும் குருதியிலே தங்கி உயிரைக் கவரும். அவற்றை வேறு வழியாற் போக்குவதே டயாலிசிஸ் என்னும் குருதிச் சுத்திகரிப்பு. நுண்துளைகளையுடைய சவ்வொன்றின் ஒருபுறம் குருதியும் மறுபுறம் தூய கரைசலும் இருப்பின், சிறிய மூலக்கூறுகள் சவ்வைக் கடந்து கரைசலிற் சேரும். குருதிக் கலங்கள் பெரியனவாதலின் கடவா.

ஒல்லாந்து வைத்தியர் கொல்ஃப், 1943இல், யுத்த நெருக்கடிக்கிடையே, செலோபேன் குழாயை உருளையிற் சுற்றி இதற்கெனக் கருவியொன்று அமைத்தார். ஆயினும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குருதிக் குழாயை வெட்டவேண்டியிருந்தமையால், நாட்பட்ட நோயாளருக்கு அது பயன்பட்டிலது. 1960இல் அமெரிக்க வைத்தியர் ஸ்க்ரிப்னர் கையிலே நிலையாகப் பொருத்தும் குழாயை ஆக்கினார். அதனைப் பெற்ற முதல் நோயாளி ஏறக்குறைய 11 ஆண்டு வாழ்ந்தார்.

இன்று முறைகள் இரண்டு. ஒன்று, வைத்தியசாலை இயந்திரத்தாற் குருதியை வெளியெடுத்துத் தூய்மையாக்குவது. வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். மற்றையது, வயிற்றறையின் உட்சவ்வையே வடிகட்டியாகக் கொள்வது. நாளொன்றுக்கு நான்கு தடவையளவில், இரண்டு லீற்றர் கரைசலை வயிற்றினுள் விட்டுப் பின் வடிப்பர். இதனை வீட்டிலேயே செய்யலாம்.

எம்முறையிலே ஆயுள் நீளும்? விடை எளிதன்று. வயிற்றுவழி முறையை விரும்புவோர் பெரும்பாலும் இளையோரும் பிற நோய் குறைந்தோருமாவர். அவர் நெடிது வாழின் அது முறையின் சிறப்போ, உடலின் சிறப்போ? நெதர்லாந்திலே சீட்டுக் குலுக்குவதுபோல் முறையைப் பகிர்ந்து சோதிக்க முயன்றபோது, 773 பேருள் 38 பேரே உடன்பட்டனர். தம் வாழ்க்கை முறையைக் குலுக்கலுக்கு விட யார்தாம் இசைவர்! ஏனைய ஆய்வுகளை ஒருசேர நோக்கின், தொடக்க ஆண்டுகளில் வயிற்றுவழி முறை சற்றே மேம்படினும், நெடுங்காலத்திற் பெரும் வேறுபாடில்லை.

வேறுபாட்டை ஆக்குவது இடைவெளி என்பதே எம் கருத்து. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, வாரம் மும்முறை இயந்திரச் சிகிச்சை பெறும் 32,000க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து, இரு நாள் ஓய்வின் பின்வரும் நாளிலே மரணம் மிகுதல் கண்டது. வாரம் இருமுறையே பெறுவோர்க்கு இரு நாளிற் குறைந்த ஓய்வே கிடையாதன்றோ?

இது நம் பகுதியார்க்குப் புறம்பான செய்தியன்று. 1990களிலிருந்து வட மத்திய மாகாணத்திலும் கிராந்துருக்கோட்டை போன்ற மகாவலிக் குடியேற்றங்களிலும், நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத உழவரைக் காரணந் துணியப்படாத சிறுநீரக நோய் பற்றியுள்ளது. கிராந்துருக்கோட்டையிலிருந்து கண்டி வைத்தியசாலைக்கு வருவோர் மகியங்கனை வீதியின் மலைவளைவுகளை ஏறிக் கடக்கவேண்டும். பேருந்து தவறினும் கைப்பொருள் தீரினும் ஒரு முறை விடுபடும். இடைவெளி மேலும் நீளும். வயிற்றுவழி முறையிலோ இவ்வழிநடை மாதத்தில் ஓரிரு முறையாகச் சுருங்கலாம். ஆனால் அதற்கு ஓர் உறுதியான சுவர், சவர்க்காரம், தூய நீர், கதவடைக்கக்கூடிய ஓர் அறை வேண்டும். கழுவாத கையால் ஒருமுறை குழாயைத் தொடினும் கிருமி புகுந்து வயிற்றறைச் சவ்வு அழற்சியுறக்கூடும். தாதியர் அம்முறையைக் கற்பிக்குமுன் நோயாளியின் வீட்டைச் சென்று பார்ப்பது இதன்பொருட்டே.