நாளைய நூலகமும் கணிப்பொறியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணிதவியல் மாணவன்)

நூலகம் என்பது புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கும் கட்டடம் மட்டும் அன்று. தேடி வருபவனிடம் அவனுக்கு வேண்டிய நூலைச் சேர்ப்பிக்கும் ஓர் ஏற்பாடு ஆகும். ஒரு பல்கலைக்கழகம் தன் நூலகத்தின் எதிர்காலத்தைத் திட்டமிடும்போது இதனை மறந்துவிடலாகாது. கணிப்பொறிகளை வாங்கிவிட்டால் நூலகம் தானே வளர்ந்துவிடும் என்று எண்ணுவது, ஏர் வாங்கியவுடன் வயல் விளைந்துவிடும் என்று எண்ணுவதை ஒக்கும்.

கணித மாணவனுக்கு நூலகத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இந்திய நூலக இயலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவரே! சீர்காழியில் 1892-இல் பிறந்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் நூலகத்திற்கான ஐந்து விதிகளை வெளியிட்டார். வாசகரின் காலம் வீணாகக்கூடாது என்பதும், நூலகம் ஓர் உயிரைப் போல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதும் அவ்விதிகளுள் இரண்டின் சாரம். கணிப்பொறி நம் கல்விக்கூடங்களுக்கு வருமுன்பே சொல்லப்பட்ட இவ்விரண்டும் கணிப்பொறிக் காலத்திற்கும் பொருந்துகின்றன.

ஒஹையோ காட்டிய வழி

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், 1967-இல், 54 கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் ஒன்றுகூடிப் பொது நூலக மையம் ஒன்றைத் தொடங்கின. பிரெடரிக் கில்கோர் என்பவர் அதற்குத் தலைமை ஏற்றார். அவர்களை உறுத்திய கேள்வி எளியது. ஒரே நூலை ஐம்பது கல்லூரிகள் வாங்கினால், அதன் ஆசிரியர், தலைப்பு, பொருள் ஆகியவற்றை ஐம்பது இடங்களில் ஐம்பது பேர் தனித்தனியே எழுத வேண்டுமா? ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்துக்கொண்டால் என்ன?

இதற்கு வேண்டிய அடிப்படையை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் அவ்ரம் என்ற அம்மையார் 1960-களில் அமைத்திருந்தார். அதன் பெயர் 'மார்க்'. அட்டையைப் பார்த்தவுடன் எது ஆசிரியர் பெயர், எது தலைப்பு என்று நாம் அறிவோம், இயந்திரம் அறியாது. ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் தரப்பட்டது. 100 என்றால் ஆசிரியர், 245 என்றால் தலைப்பு, 650 என்றால் பொருள். 1971 ஆகஸ்டு 26 அன்று ஒஹையோ பல்கலைக்கழக நூலகம் இம்முறையில் மையக் கணிப்பொறியுடன் தொடர்பு கொண்டு, முதல் நாளிலேயே 133 நூல்களைப் பதிவு செய்தது. இன்று உலகெங்கும் உள்ள நூலகங்களை இணைக்கும் 'வேர்ல்டு கேட்' என்னும் பெரும் பட்டியல் அங்கிருந்து வளர்ந்ததே.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. 'இந்த இயந்திரம் என்னென்ன செய்யும்?' என்று அவர்கள் தொடங்கவில்லை. 'எந்த வேலை வீணாகத் திரும்பத் திரும்ப நடக்கிறது?' என்று தொடங்கினார்கள்.

தமிழ் நூல்களின் சிக்கல்

மு. வரதராசன் நூல்களைத் தேடுகிறோம் எனக் கொள்வோம். ஓர் இடத்தில் 'மு.வ.' என்றும், வேறோர் இடத்தில் 'வரதராசனார், மு.' என்றும், மற்றோர் இடத்தில் 'வரதராஜன்' என்றும் பதிவாகியிருந்தால், கணிப்பொறி இவர்களை மூவர் என்றே கருதும். நூல் அலமாரியில் இருக்கும்; திரையோ இல்லை என்று சொல்லும்! எல்லா வடிவங்களையும் ஒரே ஆசிரியரோடு பிணைக்கும் பெயர்ப் பட்டியல் ஒன்று வேண்டும். இது தமிழறிந்த நூலகர் பொறுமையுடன் செய்ய வேண்டிய பணி. பணம் கொடுத்து வாங்கும் பொருளன்று.

வாடகை வீடும் சொந்த வீடும்

நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 1991-இல் தொடங்கிய 'இன்ஃபிளிப்நெட்' பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் பணியை ஏற்றது. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டம், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுகளின் கீழுள்ள ஏறத்தாழ 6,300 நிறுவனங்களுக்குத் திறந்துவிட முனைந்தது. பெரும் பேறுதான். ஆயினும் சந்தா என்பது வாடகை வீடு போன்றது. அச்சிதழின் சந்தா நின்றாலும் பழைய இதழ்கள் அலமாரியில் இருக்கும். மின்னிதழின் சந்தா நின்றால், ஒப்பந்தத்தில் இடமில்லையெனில், பழையனவும் கைநழுவும். எனவே நமக்கே உரியவற்றை நாமே காக்க வேண்டும். யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத சுவடிகள் மீளவே இல்லை. ஒரே படி ஓரிடத்தில் இருப்பது காகிதத்திலும் ஆபத்து, கணிப்பொறியிலும் ஆபத்து.

என்ன செய்யலாம்?

முதலில், உள்ள நூல்கள் அனைத்தையும் தமிழ் எழுத்திலேயே ஒழுங்காகப் பதிவு செய்ய வேண்டும். நியூசிலாந்தில் பிறந்து 2000-ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் உள்ள 'கோஹா' என்னும் மென்பொருளுக்கு உரிமக் கட்டணமே இல்லை. அடுத்து, ஒரு பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகள் அனைத்திற்கும் பொதுப் பட்டியல் வேண்டும். மூன்றாவதாக, ஆய்வேடுகளையும் பழைய ஆண்டு மலர்களையும் படியெடுத்து இரண்டு மூன்று இடங்களில் வைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. 'கணிப்பொறிதான் வந்துவிட்டதே, இனி நூலகர் எதற்கு?' என்று சிலர் கேட்கின்றனர். என் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். எந்த நூலைப் படிப்பது, எந்தச் சொல்லை இட்டுத் தேடுவது என்று கேட்க வீட்டில் எனக்கு ஆளில்லை. என்னைப் போன்றோர் இக்கல்லூரியில் பலர். வழிகாட்டும் ஒருவர் இல்லையெனில், எங்களுக்கு 13,000 இதழ்களும் பூட்டிய அறைகளே. இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரம் நூலகர் பதவியைக் குறைக்கும் காரணமாகிவிடக் கூடாது. அந்த நேரம் மாணவனுக்குச் சேர வேண்டும். எந்தத் திட்டத்திலும் முதல் வரியாக இது எழுதப்படுமானால், நாளைய நூலகம் எல்லோர்க்கும் உரிய நூலகமாக இருக்கும் என்பது உறுதி.