முந்தானைக்குள் மறைந்த கைகள்

பெக்கான் நானாஸில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. அம்மாவின் பாட்டி. ஸ்டூடியோ நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்திருக்கிறார். பெயர் என்ன என்று கேட்டால், ‘ஆத்தா’ என்பதோடு சரி.

இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி நினைவுக்கு வருவார். ஒலிவியா, சிங்கப்பூரை நிறுவிய சர் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸின் முதல் மனைவி.

1771-இல் இந்தியாவில் பிறந்தவர். அயர்லாந்து வழிக் குடும்பம். 1793-இல் சென்னையில் ஃபேன்கோர்ட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவருக்கு வாழ்க்கைப்பட்டார். சில ஆண்டுகளில் கைம்பெண்ணானார். அந்தக் கல்யாணத்துக்கு முன்பே கப்பல் தலைவர் ஒருவருக்குப் பிறந்த மகள் ஹாரியட், தாயில்லாமல் ஸ்காட்லாந்தில் தகப்பன் வீட்டாரிடம் வளர்ந்தாள். 1805 மார்ச்சில் லண்டனில் ராஃபிள்ஸை மணந்தபோது மாப்பிள்ளையைவிடப் பெண்ணுக்குப் பத்து வயது கூடுதல். ஊர் சும்மா இருக்குமா? அந்தப் பேச்செல்லாம் கப்பலேறி, ராஃபிள்ஸ் வேலைக்குப் போன பினாங்கு வரைக்கும் கூடவே வந்தது.

மார்புக்குக் கீழேயே இடுப்பு வைத்துத் தைத்த மெல்லிய வெள்ளை மஸ்லின் கவுனில் சீமாட்டிகளைத் தீட்டுவது அன்றைய மோஸ்தர். ஒலிவியாவுக்கும் ஆண்ட்ரூ ப்ளைமர் தீட்டியதாக அறியப்படும் சிற்றோவியம் ஒன்று உண்டு. ஆனால் எனக்குப் பிடித்த ஒலிவியா அதில் இல்லை. அவரைத் தீட்டியவன் மலாக்காவில் எழுத்துவேலை பார்த்த ஒரு பையன்.

அப்துல்லா பின் அப்துல் காதிர். பின்னாளில் முன்ஷி அப்துல்லா. ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து தமிழ்ப் பெண்ணைக் கட்டியவரின் வழியில், 1796-இல் மலாக்காவில் பிறந்தவர். அந்நாளில் மலாக்காவில் வியாபாரக் கணக்குக்குத் தமிழ் கைகொடுத்தது. அதனால் சிறுவயதிலேயே அவரைத் தமிழ் வாத்தியாரிடம் உட்கார வைத்தார் தகப்பனார். ஜாவாப் படையெடுப்புக்காக ராஃபிள்ஸ் 1810 கடைசியில் மலாக்கா வந்து இறங்கியபோது, அவரிடம் மலாய் ஏடுகளை நகலெடுக்கச் சேர்ந்தார் பதின்வயது அப்துல்லா.

ஏட்டில் இருக்கவேண்டிய கண் எசமானியம்மாவையும் கவனித்திருக்கிறது. தன்வரலாறான ‘ஹிகாயத் அப்துல்லா’வில் அவர் முகத்தைப் பற்றியோ உடுப்பைப் பற்றியோ அப்துல்லா அலட்டிக்கொள்ளவில்லை. கை ஓய்ந்து பார்த்ததில்லை என்கிறார். தைப்பார், எழுதுவார், பகல் தூக்கம் கிடையாது. எந்தப் பொருளைக் கண்டாலும் மலாயில் அதன் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். மனைவியைக் கேட்காமல் ராஃபிள்ஸ் ஒரு சாமான் வாங்கமாட்டாராம். கையோடு கையாக, பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்டதும் சோம்பிப்போகும் உள்ளூர்ப் பெண்களுக்கும் ஒரு குட்டு வைக்கிறார். அது அந்தக் காலத்து ஆணின் குசும்பு, விட்டுவிடலாம்.

1814 நவம்பர் 26-இல் ஜாவாவில் ஒலிவியா இறந்தார். பத்தாவியாவின் தானா அபாங் இடுகாட்டில், நண்பரும் கவிஞருமான ஜான் லெய்டனின் பக்கத்தில் அடக்கம். போகோர் தாவரவியல் பூங்காவில் அவர் நினைவாக ராஃபிள்ஸ் ஒரு தூண் மண்டபம் எழுப்பினார். ஆனால் 1817-இல் அவர் மறுமணம் செய்த சோஃபியா, 1830-இல் கணவரின் வரலாற்றைத் தடித்த புத்தகமாகப் போட்டபோது ஒலிவியா ஏறக்குறையக் காணாமலே போய்விட்டார். மூத்தாள் கதையை இளையாள் எழுதினால் அப்படித்தான். நாகூர் வழிப் பையன் எழுதிவைத்தது 1849-இல் அச்சேறியது.

போன மாதம் பெரியம்மாவிடம், பெயரை விட்டுவிட்டு, ஆத்தாவின் கை எப்படியிருக்கும் என்று கேட்டேன்.

“ஆலையில அன்னாசிக்குக் கண்ணு எடுத்து எடுத்து, சாறு பட்டு விரலெல்லாம் வெடிச்சுக் கெடக்கும்யா. படம் புடிக்கிறவன் வெளிய எடும்மா, எடும்மான்னு சொன்னானாம். கடைசி வரைக்கும் காட்டவே இல்ல.”